மெய்நிகர் கணினியில் உபுண்டு நிறுவல் உறைந்து நிற்கிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நிரலி

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 ஓடும் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 (மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு 24.04 டெஸ்க்டாப்பை நிறுவப் பார்க்கிறேன். ஹோஸ்டில், அதாவது மடிக்கணினியில், 16 ஜிபி ரேம் இருக்கிறது. விஎம்முக்கு (மெய்நிகர் கணினிக்கு) 4 ஜிபி ரேம், 2 சிபியு, 25 ஜிபி டிஸ்க் கொடுத்திருக்கிறேன்.

க்ரப் மெனு (உபுண்டுவின் துவக்க மெனு) வருகிறது. "ட்ரை ஆர் இன்ஸ்டால் உபுண்டு" கொடுத்தால் லோகோ வந்து, பிறகு வெகுநேரம் கருப்புத் திரை. காத்திருந்தால் நிறுவல் சன்னல் மெல்ல எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் அது வேலை செய்ய அரை நிமிடம் ஆகிறது. கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் பட்டை அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அதுதான் குழப்பமே. செய்தி ஏதாவது வந்தால் தேடிப் பார்க்கலாம், இது சும்மா நிற்கிறது.

விஎம்மை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினாலும் இதே கதைதான். பயாஸில் விடி-எக்ஸ் (விஎம் ஓட்ட உதவும் சிபியு வசதி) ஆன் ஆகியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலும் "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு" என்றே காட்டுகிறது. இதற்கு மேல் எங்கே பார்ப்பது?

அகல்விளக்கு

நிரலி, முதலில் ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நீங்கள் இறக்கிய நிறுவல் வட்டுக் கோப்பு, முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவல் பாதியில் நிற்பதற்கு உடைந்த ஐஎஸ்ஓ ஒரு முக்கியக் காரணம். கோப்பின் அளவு சரியாகத் தெரியும், க்ரப் மெனுவும் வரும், நடுவில் ஒரு பகுதி மட்டும் கெட்டிருக்கும். நிறுவி அந்த இடத்தைத் தொடும்போதுதான் மாட்டிக்கொள்ளும். அப்படியிருந்தால் "ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்" என்று தொடங்கும் வரிகள் திரையில் ஓடுவதைப் பார்க்கலாம்.

விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். கமாண்ட் ப்ராம்ட்டில் சர்ட்யூட்டில் கட்டளையை ஹாஷ்ஃபைல் என்ற தெரிவோடு கொடுத்து, கோப்பின் பெயரையும் கடைசியில் ஷா256 என்றும் சேர்த்தால் 64 எழுத்து நீளத்தில், கோப்பின் கைரேகை போன்ற ஒரு சரம் வரும். உபுண்டு தளத்தில் ஐஎஸ்ஓ இருக்கும் அதே இடத்தில் ஷா256 பட்டியலும் இருக்கும். இரண்டையும் முதலிலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள்.

ரேம் 4 ஜிபி என்பது 24.04-க்கு அவர்களே சொல்லும் அளவு. புதிய நிறுவி கொஞ்சம் கனமானது, முடிந்தால் 6 ஜிபி கொடுத்துப் பாருங்கள். டிஸ்க் 25 ஜிபி என்பதும் அவர்கள் சொல்லும் குறைந்த அளவுதான், ஆனால் இப்போது அது காரணமாக இருக்காது.

வேர்ப்பயனர்

அகல்விளக்கு சொன்ன ஐஎஸ்ஓ சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலை. ஆனால் நிரலி, மறுபடி விஎம்மை அழித்து உருவாக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதே அமைப்பில் அதே முடிவுதான் வரும், கூடவே பழைய லாக்கும் போய்விடும்.

நீங்கள் விவரித்ததில் எனக்கு உறுத்தும் இடம், பொத்தானை அழுத்தி அரை நிமிடம் காத்திருப்பது. கெட்டுப்போன ஐஎஸ்ஓ பெரும்பாலும் ஒரு இடத்தில் போய் நிற்கும் அல்லது பிழை காட்டும். தொடக்கத்திலிருந்தே எல்லாமே ஊர்கிறது என்றால் சிபியு பக்கம் பார்க்க வேண்டும்.

விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் சன்னலின் கீழ் வலது ஓரத்தில் சின்னச் சின்ன சின்னங்கள் வரிசையாக இருக்கும். ஹார்ட் டிஸ்க், சிடி, நெட்வொர்க் என்று போகும். அதில் சிபியு சின்னம் எப்படி இருக்கிறது? சில்லு வடிவத்தில் "வி" எழுத்தா, பச்சை நிற ஆமையா?

அப்புறம் விஎம்மை நிறுத்திவிட்டு, மேனேஜரில் அதன் பெயர்மேல் வலச்சொடுக்கி "ஷோ லாக்" கொடுங்கள். விபாக்ஸ்.லாக் திறக்கும். அதில் ஃபைண்ட் போட்டு "நெம்" என்று மூன்று எழுத்தைத் தேடுங்கள். வரும் வரிகளை இங்கே போடுங்கள்.

நிரலி

ஐஎஸ்ஓ சரி. 64 எழுத்தும் பொருந்துகிறது.

கீழே பச்சை ஆமைதான் இருக்கிறது! இதை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். லாக்கில் நீங்கள் சொன்னபடி தேடினேன். ஒரு வரியில் "அட்டெம்ப்டிங் ஃபால் பேக் டு நெம்: விடி-எக்ஸ் இஸ் நாட் அவெய்லபிள்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே "ஹைப்பர்வைசர் பிரசன்ட் இஸ் ட்ரூ, ஸோ திஸ் மைட் வொர்க்" என்று முடியும் வரி. பயாஸில் ஆன் ஆகியிருக்கும்போது விடி-எக்ஸ் இல்லை என்று ஏன் சொல்கிறது, அண்ணா?

வேர்ப்பயனர்

அந்த இரண்டு வரியில் முழுக் கதையும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் இனி வரும் பாதிப் பிரச்சினைகளை நீங்களே பிடித்துவிடலாம்.

விடி-எக்ஸ் என்பது இன்டெல் 2005-இலிருந்து தன் சிபியுகளில் வைக்கத் தொடங்கிய வன்பொருள் வசதி. ஏஎம்டியில் இதே வேலையைச் செய்வது ஏஎம்டி-வி, பயாஸில் பெரும்பாலும் எஸ்விஎம் மோட் என்ற பெயரில் இருக்கும். பயாஸில் ஆன் செய்தால் அந்த வசதி கணினிக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது: ஒரு ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) அதை எடுத்துக்கொண்டால் இன்னொன்றுக்கு அது நேரடியாகக் கிடைக்காது.

விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஹைப்பர்வைசர், அதாவது ஹைப்பர்-வி-யின் அடித்தளம், பல கணினிகளில் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் ஹைப்பர்-வி-யை நிறுவியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) பயன்படுத்தினால் வரும், டாக்கர் டெஸ்க்டாப் போட்டால் வரும், விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் ஆன் செய்தால் வரும். எதுவுமே செய்யாவிட்டாலும், கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆகியிருந்தால் வரும். புதிய மடிக்கணினிகளில் இந்தக் கடைசி அமைப்பு வாங்கும்போதே ஆன் ஆகியிருப்பது சகஜம்.

அப்படி அது ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸுக்கு விடி-எக்ஸ் கைக்கு எட்டாது. 6.0-க்கு முந்தைய பதிப்புகள் என்றால் பிழை காட்டி நின்றுவிடும். 2018 டிசம்பரில் வந்த 6.0-இலிருந்து ஒரு மாற்று வழி சேர்த்தார்கள். ஹைப்பர்-வி-யின் மேலேயே ஏறி உட்கார்ந்து, விண்டோஸ் கொடுக்கும் ஏபிஐ வழியாக விஎம்மை ஓட்டும். அந்த வழிக்குப் பெயர்தான் நெம், அதன் சின்னம்தான் ஆமை. கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) ஒவ்வொரு முறை வன்பொருளைத் தொடும்போதும் சுற்றுவழியில் போய்வர வேண்டியிருப்பதால் மெதுவாகிறது. சில கணினிகளில் ஓரளவு தாங்கும். சிலவற்றில் நீங்கள் பார்த்த மாதிரி, நிறுவியே நகராது.

டாஸ்க் மேனேஜர் "எனேபிள்டு" என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலும் இல்லை. பதில் இருக்கும் இடம் எம்எஸ்இன்ஃபோ32. ஸ்டார்ட்டில் அதைத் தட்டித் திறந்து, சிஸ்டம் சம்மரியின் அடிக்குப் போங்கள். "எ ஹைப்பர்வைசர் ஹேஸ் பீன் டிடெக்டட்" என்று இருந்தால் யாரோ விடி-எக்ஸைப் பிடித்திருக்கிறார்கள். அதற்குச் சற்று மேலே "விர்ச்சுவலைசேஷன்-பேஸ்டு செக்யூரிட்டி" வரி "ரன்னிங்" என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

விடுவிக்க வேண்டுமானால்: "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பெட்டியில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், சேண்ட்பாக்ஸ் நான்கையும் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டிக்குள் மெமரி இன்டெக்ரிட்டியை அணையுங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து திரும்ப ஆன் செய்வது போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) பழைய நிலையே திரும்ப வரும். திரும்பி வந்ததும் எம்எஸ்இன்ஃபோ32-ஐ மறுபடி பாருங்கள். அந்த வரி போயிருந்தால்தான் விர்ச்சுவல்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

திரைகடல்

வேர்ப்பயனர் விளக்கம் தெளிவு. ஆனால் கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை, அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

மெமரி இன்டெக்ரிட்டி என்பது கெர்னலுக்குள் கையொப்பமில்லாத, தீங்கான டிரைவர்கள் நுழைவதைத் தடுக்கும் பாதுகாப்பு. வங்கி வேலை, அலுவலக மின்னஞ்சல் எல்லாம் அதே மடிக்கணினியில் செய்யும் ஒருவரிடம் அதை நிரந்தரமாக அணைக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இணையத்தில் எந்தப் பக்கம் போனாலும் "இதை ஆஃப் செய், அதை ஆஃப் செய்" என்றுதான் இருக்கிறது. எதற்காக அது அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. படிக்கிறவர்கள் அணைத்துவிட்டு, விஎம் ஓடியதும் மறந்துவிடுகிறார்கள். அலுவலகக் கணினி என்றால் தகவல் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று. பயாஸ் அமைப்பையோ துவக்க அமைப்பையோ மாற்றினால் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) மீட்புச் சாவி கேட்கக்கூடும். அது இன்று பல கணினிகளில் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, உரிமையாளருக்கே தெரியாது. கை வைப்பதற்கு முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த 48 இலக்கச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, வேறொரு இடத்தில் குறித்து வையுங்கள்.

விண்டோஸ் 11 ப்ரோ வைத்திருப்பவர்கள் ஹைப்பர்வைசரோடு சண்டை போடாமல் ஹைப்பர்-வி மேனேஜரையே பயன்படுத்தலாம். பாதுகாப்பும் இருக்கும், விஎம்மும் முழு வேகத்தில் ஓடும். அங்கே லினக்ஸ் நிறுவுவோர் மாட்டும் இடம் ஒன்று உண்டு. ஜெனரேஷன் 2 விஎம் உருவாக்கினால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் துவங்கவிடும் பாதுகாப்பு) "மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்" என்ற டெம்ப்ளேட்டில் இருக்கும். உபுண்டு ஐஎஸ்ஓவை அது ஏற்காது, "த சைன்டு இமேஜஸ் ஹாஷ் இஸ் நாட் அலவுட்" என்று சொல்லி நின்றுவிடும். பலரும் இங்கே செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. விஎம்மின் செட்டிங்ஸ், செக்யூரிட்டி பகுதியில் டெம்ப்ளேட்டை "மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சர்டிஃபிகேட் அத்தாரிட்டி" என்று மாற்றினால் போதும்.

வேர்ப்பயனர்

திரைகடல் சொல்வது நியாயம். பாதுகாப்பு என்ன என்று சொல்லிவிட்டு அணைக்கச் சொல்வதுதான் முறை. ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி மேனேஜர் அதிகாரப்பூர்வமாக இல்லை என்பதால் எல்லோருக்கும் அந்த வழி திறந்திருக்காது. அவர்களுக்கு ஒரு நடுவழி சொல்கிறேன்.

எதையும் நிரந்தரமாக அணைக்காமல், துவக்க மெனுவில் இரண்டாவது விண்டோஸ் பதிவு ஒன்றை உருவாக்கலாம். அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ட் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையின் காப்பி தெரிவால் தற்போதைய பதிவை நகலெடுத்து, அதற்கு "விஎம் வேலை" என்பது போல ஒரு பெயர் கொடுங்கள். நெளிவு அடைப்புக்குள் நீளமான ஓர் அடையாள எண் வரும். அதே பிசிடிஎடிட்டில் செட் தெரிவு கொடுத்து, அந்த எண்ணுக்கு மட்டும் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் என்பதை ஆஃப் என்று வையுங்கள். இனி கணினி ஆன் ஆகும்போது இரண்டு விண்டோஸ் காட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் தேவைப்படும் நாளில் இரண்டாவது, மற்ற நாளில் முதலாவது. இரண்டாவதில் இருக்கும்போது டபிள்யூஎஸ்எல்2, டாக்கர் இரண்டும் ஓடாது.

சில கணினிகளில் இது மட்டும் போதாது, மெமரி இன்டெக்ரிட்டியின் பிடி இன்னும் ஆழமாகப் பூட்டப்பட்டிருக்கும். எம்எஸ்இன்ஃபோ32 காட்டிக்கொடுத்துவிடும்.

நிரலி

மிக்க நன்றி, இருவருக்கும். என்னுடையது ஹோம் பதிப்பு. பிட்லாக்கர் சாவியை எடுத்து வைத்துவிட்டு இரண்டாவது பதிவு முறையில் போனேன். எம்எஸ்இன்ஃபோ32-இல் அந்த வரி போய், அதற்குப் பதிலாக ஹைப்பர்-வி-க்குத் தேவையான அம்சங்கள் நான்கு "யெஸ்" என்று வரிசையாக வந்தன. விஎம்மைத் திறந்தால் ஆமை இல்லை, "வி" சில்லு. லோகோ வந்த கையோடு நிறுவி வந்துவிட்டது. அதே 4 ஜிபி, அதே ஐஎஸ்ஓ, வேறு எதையும் மாற்றவில்லை. இப்போது உபுண்டுவுக்குள்ளிருந்துதான் எழுதுகிறேன்.

மென்பொறியன்

இந்த உரையாடலைப் படித்து எனக்கும் வேகப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இன்னொரு சிக்கல். எனக்கு நிறுவி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மொழி, பயனர் பெயர், டிஸ்க் எதுவும் கேட்காமல் தானாகவே ஓடி முடிந்தது. உள்ளே போனால் பயனர் பெயர் "விபாக்ஸ்யூசர்" என்று இருக்கிறது. சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டுவது) போட்டால் "சூடோயர்ஸ் கோப்பில் இல்லை" என்கிறது. டெர்மினல் சொடுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்து மறைந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ கெட்டதா?

வேர்ப்பயனர்

ஐஎஸ்ஓ நன்றாகத்தான் இருக்கிறது. 7.0-இல் புது விஎம் உருவாக்கும் முதல் பக்கத்திலேயே ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்தால் "அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்" தானாக இயங்கும். அதே பக்கத்தில் "ஸ்கிப் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன்" என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால் வழக்கமான நிறுவி வரும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் அதில் குறியிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. டிஸ்க் பிரிப்பு, மொழி, பயனர் என்று நிறுவி கேட்கும் கேள்விகள்தான் இயங்குதளம் எப்படி உட்காருகிறது என்று கற்றுக்கொடுக்கின்றன.

ஏற்கெனவே நிறுவியதைக் காப்பாற்ற வேண்டுமானால், விஎம் சன்னலில் ஹோஸ்ட் கீயோடு எஃப்3 அழுத்துங்கள். ஹோஸ்ட் கீ என்பது பொதுவாக வலது கன்ட்ரோல். கருப்புத் திரையில் லாகின் கேட்கும். விபாக்ஸ்யூசர் என்று உள்ளே போங்கள். கடவுச்சொல்லை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் "சேஞ்ச்மீ", எல்லாம் சிறிய எழுத்து. பிறகு எஸ்யூ என்று அடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் ரூட் ஆகிவிடுவீர்கள். அங்கே யூசர்மாட் கட்டளையால் விபாக்ஸ்யூசரைச் சூடோ குழுவில் சேருங்கள். மறுதுவக்கம் செய்ததும் சூடோ வேலை செய்யும்.

டெர்மினல் திறக்காததற்குக் காரணம் மொழி அமைப்பு. தானியங்கி நிறுவல் லொக்கேலை (மொழி அமைப்பை) யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கம் இல்லாமல் வைத்துவிடுகிறது, டெர்மினல் அதை ஏற்பதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் மொழியை மாற்றி வைத்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். அப்புறம் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல் அது.

அகல்விளக்கு

படிக்க வருபவர்களுக்காக இரண்டு சின்ன விஷயம். ஆமை இல்லாமலே கருப்புத் திரை வருகிறது என்றால் டிஸ்ப்ளே அமைப்பைப் பாருங்கள். லினக்ஸ் கெஸ்டுக்கு கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் கெஸ்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ. நிறுவி முடியும்வரை 3டி முடுக்கத்தை அணைத்தே வையுங்கள். அப்போதும் வராவிட்டால் க்ரப் மெனுவில் "இ" அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 கொடுங்கள்.

நிறுவியின் "நெக்ஸ்ட்" பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிட்டது என்று கேட்பவர்கள், சூப்பர் விசையை அழுத்திக்கொண்டு சன்னலை மவுஸால் மேலே இழுத்தால் பொத்தான் தெரியும். அதற்காக யாரும் நிறுவலைக் கைவிட வேண்டாம்.

கடலோரம்

நான் லினக்ஸ் ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருக்கிறேன். இங்கே விண்டோஸும் இல்லை, ஹைப்பர்-வி-யும் இல்லை. போன கெர்னல் புதுப்பிப்பு வரை நன்றாக ஓடியது. இப்போது எந்த விஎம்மும் தொடங்க மறுக்கிறது. பிழைக்குறி "இன் விஎம்எக்ஸ் ரூட் மோட்" என்று முடிகிறது.

வேர்ப்பயனர்

அதே சண்டை, ஆள்தான் வேறு. உங்கள் ஹோஸ்டில் விடி-எக்ஸைப் பிடித்திருப்பது லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம். முன்பெல்லாம் கேவிஎம் மாட்யூல் ஏறியிருந்தாலும், அதில் ஒரு விஎம் தொடங்கும்வரை விடி-எக்ஸைத் தொடாது. கெர்னல் 6.12-இலிருந்து மாட்யூல் ஏறும்போதே எடுத்துக்கொள்கிறது. கேவிஎம் தேவையில்லை என்றால் மாட்ப்ரோப் கட்டளையை "ஆர்" தெரிவோடு கொடுத்து கேவிஎம்_இன்டெல் மாட்யூலை இறக்குங்கள், ஏஎம்டி என்றால் கேவிஎம்_ஏஎம்டி. இரண்டும் வேண்டுமென்றால் கெர்னல் துவக்க வரியில் கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட் என்பதற்கு 0 கொடுங்கள், பழைய நடத்தை திரும்பிவிடும்.

அதே புதுப்பிப்புக்குப் பிறகு "கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு, ஆர்சி=-1908" என்று வந்தால் அது வேறு நோய். விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல் புதிய கெர்னலுக்கு உருவாகவில்லை, அல்லது செக்யூர் பூட் காரணமாகக் கையொப்பம் கேட்கிறது. விபாக்ஸ்கான்ஃபிக் ஓட்டுங்கள். கையொப்பம்தான் பிரச்சினை என்றால் சாவியைப் பதிவு செய்து, மறுதுவக்கத்தில் வரும் நீலத் திரையில் "என்ரோல் மோக்" தேர்வு செய்ய வேண்டும். அந்தத் திரை சில விநாடிகள்தான் காத்திருக்கும், விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டே இருங்கள்.

வெண்பலகை

ஆப்பிள் எம்1 மேக்கில் உபுண்டு ஐஎஸ்ஓ துவங்கவே இல்லை. யூடிஎம்மில் (மேக்கில் விஎம் ஓட்டும் செயலி) யூஇஎஃப்ஐ ஷெல்லுக்குப் போய் நின்றுவிடுகிறது. லாக்கும் காலி.

திரைகடல்

கோப்பின் பெயரைப் பாருங்கள். ஏஎம்டி64 (இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கானது) என்று இருக்கிறதா? எம்1 ஆர்ம் சில்லு, அதில் விர்ச்சுவலைஸ் முறையில் ஏஎம்டி64 ஐஎஸ்ஓ துவங்காது. ஆர்ம்64 என்று இருப்பதை இறக்குங்கள். ஏஎம்டி64-தான் வேண்டும் என்றால் யூடிஎம்மில் "எமுலேட்" தேர்வு செய்யலாம். ஆனால் அது ஒவ்வொரு கட்டளையையும் மாற்றி எழுதி ஓட்டுவது, டெஸ்க்டாப் நிறுவலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெண்பலகை

ஏஎம்டி64 என்றே இருந்தது. ஆர்ம்64 போட்டதும் துவங்கிவிட்டது. நன்றி.

ஒளிக்கீற்று

தலைகீழான கேள்வி. லினக்ஸ் ஹோஸ்ட், கேவிஎம், அதை நிர்வகிக்க விர்ட்-மேனேஜர். கெஸ்டாக விண்டோஸ் 11 நிறுவப் பார்க்கிறேன். முதலில் "திஸ் பிசி கான்ட் ரன் விண்டோஸ் 11" என்று நின்றது. அதை எப்படியோ தாண்டினால், டிஸ்க் தேர்வுப் பக்கத்தில் பட்டியலே காலி. 80 ஜிபி விர்ட்ஐஓ டிஸ்க் (விஎம்களுக்கென்றே உருவான டிஸ்க் வகை) கொடுத்திருக்கிறேன். எங்கே போனது அது?

வேர்ப்பயனர்

டிஸ்க் அங்கேயேதான் இருக்கிறது, விண்டோஸுக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. விர்ட்ஐஓ டிரைவர் விண்டோஸ் ஐஎஸ்ஓவில் கிடையாது. ஃபெடோரா திட்டம் வெளியிடும் விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இறக்கி, விஎம்முக்கு இரண்டாவது சிடி டிரைவாகச் சேருங்கள். டிஸ்க் பக்கத்தில் "லோட் டிரைவர்" கொடுத்து, அந்த சிடியில் வியோஸ்டார் கோப்புறைக்குள் டபிள்யூ11, அதற்குள் ஏஎம்டி64 என்று போங்கள். டிரைவரைத் தேர்ந்ததும் 80 ஜிபி பட்டியலில் வந்துவிடும். டிஸ்கை ஸ்கஸி கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்திருந்தால் வியோஸ்கஸி கோப்புறை.

முதல் பிழையை "எப்படியோ தாண்டினேன்" என்றீர்கள். ரெஜிஸ்ட்ரியில் லேப்கான்ஃபிக் என்ற சாவியை உருவாக்கி டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) சோதனையைத் தவிர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் செய்யக்கூடிய யூஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்தது), 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், இரண்டு கோர். விர்ட்-மேனேஜரில் இவை எல்லாவற்றையும் முறையாகவே கொடுக்கலாம் என்னும்போது சோதனையைத் தவிர்ப்பது எதற்கு? ஹோஸ்டில் எஸ்டபிள்யூடிபிஎம் (மென்பொருளால் ஆன டிபிஎம்) தொகுப்பை நிறுவி, ஆட் ஹார்ட்வேரில் டிபிஎம் சேர்த்து, எமுலேட்டட், பதிப்பு 2.0 என்று வையுங்கள். ஓவர்வியூ பக்கத்தில் ஃபெர்ம்வேர் யூஇஎஃப்ஐயாக இருக்க வேண்டும், செக்யூர் பூட் உள்ள ஓவிஎம்எஃப் (விஎம்முக்கான யூஇஎஃப்ஐ) கோப்பைத் தேர்ந்தெடுங்கள். இதை நிறுவலுக்கு முன்பே முடிவு செய்வது முக்கியம். பயாஸில் நிறுவிவிட்டுப் பிறகு யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விஎம் துவங்காது, டிஸ்கின் பகிர்வு அமைப்பே வேறு.

ஒளிக்கீற்று

டிபிஎம் சேர்த்து முதலிலிருந்து தொடங்கினேன். எந்தத் தடையும் இல்லாமல் போனது, வியோஸ்டார் கொடுத்ததும் டிஸ்க் வந்தது. நகலெடுத்து முடிந்து மறுதுவக்கமும் ஆனது. இப்போது "லெட்ஸ் கனெக்ட் யூ டு எ நெட்வொர்க்" பக்கத்தில் நிற்கிறேன். நெட்வொர்க் எதுவும் காட்டவில்லை, நெக்ஸ்ட் பொத்தானும் மங்கியிருக்கிறது.

வேர்ப்பயனர்

டிஸ்க் டிரைவரைக் கொடுத்தோம், நெட்வொர்க் டிரைவரை யாரும் கொடுக்கவில்லை. அதே சிடியில் நெட்கேவிஎம் இருக்கிறது. ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ட் வரும். பிஎன்பியூட்டில் கட்டளையில் ஆட்-டிரைவர் தெரிவு கொடுத்து, சிடியின் எழுத்து, நெட்கேவிஎம், டபிள்யூ11, ஏஎம்டி64 என்ற பாதையில் உள்ள நெட்கேவிஎம்.ஐஎன்எஃப் கோப்பைக் காட்டி, கடைசியில் இன்ஸ்டால் தெரிவைச் சேருங்கள். சிடி டி-யா, இ-யா என்பதை டிர் கட்டளையால் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் ஏறியதும் சன்னலை மூடினால் நெட்வொர்க் தெரியும். டெஸ்க்டாப்புக்குப் போனதும் அதே சிடியில் உள்ள கெஸ்ட் டூல்ஸ் நிறுவியை ஒருமுறை ஓட்டுங்கள், மீதி டிரைவர்கள் மொத்தமாக வந்துவிடும்.

ஒளிக்கீற்று

நெட்வொர்க் வந்துவிட்டது, டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது! ஒரே ஒரு கேள்வி. சட்டா டிஸ்கில் நிறுவிய பழைய விண்டோஸ் 10 விஎம் ஒன்று இருக்கிறது. அதையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்கள். செட்டிங்ஸில் மாற்றிவிட்டால் போதுமா?

வேர்ப்பயனர்

நேரே மாற்றாதீர்கள். "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை வரும், ஏனென்றால் அந்த விண்டோஸ் துவங்கும்போது விர்ட்ஐஓ டிரைவரை ஏற்றிக்கொள்ளப் பழகியிருக்காது. முதலில் ஸ்னாப்ஷாட் எடுங்கள். சட்டா டிஸ்கை அப்படியே விட்டுவிட்டு, 1 ஜிபி அளவில் வெற்று விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து விஎம்மைத் துவக்குங்கள். உள்ளே விர்ட்ஐஓ டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் "ரெட் ஹேட் விர்ட்ஐஓ" என்ற பெயரில் அந்தச் சின்ன டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விஎம்மை முழுதாக நிறுத்தி, சின்ன டிஸ்கை எடுத்துவிட்டு, முதன்மை டிஸ்கின் பஸ்ஸை சட்டாவிலிருந்து விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் பூட் வரிசையில் அந்த டிஸ்கின் குறி விழுந்துவிடுவது உண்டு, அதையும் திரும்பக் குறியிட்டுவிட்டுத் துவக்குங்கள்.